ஷிவா வீட்டுக் கதவை ஏன் பூட்ட மாட்டாங்க

நியூஜெர்சில நாங்க குடியிருந்த அபார்ட்மென்ட்ல நாலாவது மாடில ஒரு யூதக் குடும்பம், வயசான அம்மாவும் மகனும், மகனுக்கே ஐம்பது தாண்டியிருக்கும். அந்த அம்மா தவறிட்டாங்கன்னு கீழ லாபில ஒட்டியிருந்த பேப்பரைப் பாத்துதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. நான் உடனே கடைக்கு ஓடி ஒரு பெரிய பூங்கொத்து வாங்கிட்டு மேல போய் காலிங் பெல் அடிச்சேன், யாரும் வரல, திரும்ப அடிச்சேன், ஒரு பெரியவர் வந்து கதவைத் திறந்து என் கையில இருந்த பூவைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம வாங்கி வாசல் பக்கம் இருந்த மேஜைல ஓரமா வச்சாரு. உள்ள போய் மகனைப் பாத்து "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டேன். பதிலே இல்ல.

மூணு நிமிஷத்துல மூணு தப்பு. பெல் அடிச்சிருக்கக் கூடாது, கதவு சும்மா சாத்திதான் இருந்துச்சு, தள்ளிட்டு உள்ள போயிருக்கணும். பூ கொண்டு போற வழக்கம் அவங்ககிட்ட கிடையாது. குசலம் விசாரிக்கறது, வணக்கம் சொல்றது, இது எதுவுமே துக்க வீட்ல கூடாது. இத்தனையும் அப்புறம் அந்தப் பெரியவரே என்னைக் கிச்சன் பக்கம் கூட்டிட்டுப் போய் மெதுவா சொன்னாரு, சொல்லிட்டு ஒரு நாற்காலியைக் காட்டி "சும்மா உக்காருங்க, அது போதும்"னாரு. நான் யூதர் இல்ல, எபிரேயமும் தெரியாது, ஆனா அந்த வீட்ல உக்காந்துட்டு வந்த நாள்ல இருந்து இதைப் பத்திக் கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதை, முதல் தடவையா கேள்விப்படறவங்களுக்குப் புரியற மாதிரி எழுதிப் பாக்கறேன்.

ஷிவான்னா எபிரேயத்துல ஏழு. அடக்கம் பண்ண நாள்ல இருந்து ஏழு நாள் நெருங்கின சொந்தம் வீட்லயே இருக்கணும், அதை "ஷிவா உக்கார்றது"ன்னுதான் சொல்லுவாங்க. யார் உக்காரணும்ங்கறதுக்கும் கணக்கு உண்டு, அப்பா, அம்மா, மகன், மகள், கூடப் பிறந்த ஆண், கூடப் பிறந்த பெண், அப்புறம் வாழ்க்கைத் துணை, இந்த ஏழு உறவுல யாராவது போனா உக்காரணும். வேலைக்குப் போகக் கூடாது, ஷேவ் பண்ணக் கூடாது, தோல் செருப்பு போடக் கூடாது, சொகுசா குளிக்கக் கூடாது. மத்தவங்க உக்கார்றதை விடத் தாழ்வான ஸ்டூல்ல உக்காருவாங்க. கண்ணாடிய எல்லாம் துணி போட்டு மூடிடுவாங்க, நான் போன வீட்ல ஹால் கண்ணாடி மேல ஒரு பூப்போட்ட பெட்ஷீட் தொங்கிட்டு இருந்துச்சு. ஏழு நாளைக்கும் எரியற மாதிரி ஒரு மெழுகுவர்த்தி.

வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு இந்தக் "கூடாது" லிஸ்ட்தான் முதல்ல கண்ணுல படும். எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. ஆனா இதோட பாதி மத்தவங்க தலையில இருக்கு. சமைக்கறது மத்தவங்க, கொண்டு வர்றது மத்தவங்க, பாத்திரம் கழுவறது மத்தவங்க, தினமும் ஜெபத்துக்கு ஆள் சேக்கறது மத்தவங்க. துக்கக்காரர் செய்ய வேண்டியது வந்தவங்களை உக்கார விடறது, அவ்வளவுதான். நம்மள்ல நிறைய பேர் யார் வீட்லயாவது துக்கம்னா "என்ன வேணும்னாலும் ஒரு போன் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு வந்துடறோம், நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், ஒருத்தர் கூட இதுவரைக்கும் எனக்கு போன் பண்ணினதில்ல. பண்ண மாட்டாங்க. இடி விழுந்த மாதிரி உக்காந்திருக்கறவருக்கு என்ன வேணும்னு யோசிக்கவே முடியாது, அப்புறம் எங்க போன் பண்றது. யூத மரபு இந்த போன் காலை எதிர்பாக்கறதே இல்ல, ஆறுதலை அது ஒரு நல்ல மனசோட விருப்பமா விடாம ஊர் மேல கடமையா சுமத்தி வச்சிருக்கு.

இதுக்கு அடியில இருக்கற எண்ணத்துக்கு தால்முட்ல ஒரு கதை இருக்கு. தால்முட்ங்கறது யூத அறிஞர்கள் பல நூறு வருஷம் சட்டம், கதை, வாக்குவாதம்னு பேசினதோட பெரிய தொகுப்பு. அதுல 3ம் நூற்றாண்டுல கலிலேயாவுல வாழ்ந்த ரபி யோஹனான்னு ஒருத்தர் வர்றாரு, ரபின்னா யூத மத ஆசான். அவரோட சீடர் ஒருத்தருக்கு உடம்பு முடியல, இவர் பாக்கப் போறாரு, "இந்த வேதனை உனக்குப் பிடிச்சிருக்கா"ன்னு கேக்கறாரு, சீடர் "வேதனையும் வேண்டாம், அதுக்குக் கிடைக்கற பலனும் வேண்டாம்"ங்கறாரு. "கையைக் குடு"ங்கறாரு. கையைப் பிடிச்சுத் தூக்கி விடறாரு, அவரு எழுந்துக்கறாரு. கொஞ்ச நாள் கழிச்சு ரபி யோஹனானே படுத்துடறாரு, இப்ப ரபி ஹனினான்னு இன்னொருத்தர் வந்து அதே கேள்வி, அதே பதில், அதே மாதிரி கையைப் பிடிச்சுத் தூக்கறாரு. அங்க தால்முட் குறுக்க ஒரு கேள்வி போடுது, ஏம்ப்பா, அடுத்தவனைத் தூக்கி விட்டவருக்குத் தன்னைத் தானே தூக்கிக்கத் தெரியாதா? பதில் ஒரே வரி, கைதி தன்னைத் தானே சிறையில இருந்து விடுவிச்சுக்க முடியாது.

கதை அங்க முடியல, அடுத்து வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரபி எலெயாசார்னு ஒருத்தர் இருட்டு ரூம்ல படுத்து அழுதுட்டு இருக்காரு. ரபி யோஹனான் போய் ஏன் அழறேன்னு கேட்டு அவரே காரணமும் அடுக்கறாரு. படிக்க வேண்டியதெல்லாம் படிக்கலன்னா, கொஞ்சம் படிச்சாலும் நிறைய படிச்சாலும் மனசு சுத்தமா இருந்தா சரிதான். வசதி இல்லன்னா, எல்லாருக்கும் ரெண்டும் அமையாது. பிள்ளைகளை நினைச்சா, இதோ என் பத்தாவது பிள்ளையோட எலும்பு என்கிட்ட இருக்குன்னு எடுத்துக் காட்டறாரு, மனுஷன் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். மூணுமே எடுபடல. எலெயாசார் சொல்றாரு, உங்களோட இவ்வளவு அழகும் ஒருநாள் மண்ணுக்குள்ள போய் மக்கிடுமே, அதை நினைச்சு அழறேன்னு. அதுக்கு யோஹனான் "அதுக்குன்னா அழத்தான் வேணும்"னு சொல்றாரு, ரெண்டு பேரும் சேர்ந்து அழறாங்க. அதுக்கு அப்புறம்தான் கையைப் பிடிக்கறாரு. அத்தனை சமாதானத்தையும் சொல்லிப் பாத்து தோத்துப் போய் கடைசில கூட உக்காந்து அழுததுதான் வேலை செஞ்சுதுன்னு ஒரு மத நூல்ல எழுதி வச்சிருக்கறது சாதாரண விஷயமா எனக்குத் தோணல.

சரி, ஒருத்தர் இறந்த நேரத்துல இருந்து வரிசையா பாக்கலாம்.

யூதர்கள் அடக்கத்தைத் தள்ளிப் போட மாட்டாங்க, முடிஞ்சா அன்னிக்கோ மறுநாளோ. இறப்புக்கும் அடக்கத்துக்கும் நடுவுல இருக்கற அந்த நேரத்துல நெருங்கின சொந்தத்துக்கு ஜெபம் பண்ற கடமை கூடக் கிடையாது, வேற எதையும் செய்யற நிலைமைல அவங்க இல்லன்னு சட்டமே ஒத்துக்குது. அதனால ஊர்ல ஹெவ்ரா கதீஷான்னு ஒரு குழு இறங்கும், "புனிதக் கூட்டம்"னு அர்த்தம். பேருக்கு ஏத்த மாதிரி பெருசா ஒண்ணும் இருக்காது, கணக்கு எழுதறவங்க, டீச்சர், கடைக்காரர்னு அக்கம்பக்கத்து ஆளுங்கதான், போன் வந்தா ராத்திரியோ பகலோ கிளம்பிப் போய் உடம்பைக் கழுவி, வெள்ளைத் துணில தைச்ச எளிமையான உடுப்பு போட்டு விடுவாங்க, ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். அந்த உடுப்புல பாக்கெட் இருக்காது. அடக்கம் வரைக்கும் உடம்பைத் தனியா விடாம யாராவது ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பைபிள்ல இருக்கற சங்கீதப் புஸ்தகத்தைப் படிச்சுக்கிட்டே இருப்பாங்க. இந்த உதவிக்கு "உண்மையான கருணை"ன்னு ஒரு பேர் உண்டு, ஏன்னா வாங்கிக்கறவங்க திருப்பிச் செய்யவே முடியாது.

இந்த வெள்ளைத் துணிக்குப் பின்னாடி ஒரு கதை. ஒரு காலத்துல சாவுச் செலவு சாவை விடக் கொடுமையா இருந்துச்சாம், சொந்தக்காரங்க செலவுக்குப் பயந்து உடம்பைப் போட்டுட்டு ஓடிப் போற அளவுக்கு. ரப்பான் கமாலியேல்னு ஒரு பெரிய தலைவர், வசதி படைச்சவர், தன்னைச் சாதாரண லினன் துணிலதான் அடக்கம் பண்ணணும்னு சொல்லி அதே மாதிரி செய்ய வச்சாரு, தலைவரே அப்படிப் போனப்புறம் மத்தவங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. அதே பக்கத்துல இன்னும் ரெண்டு மூணு இதே ரகம். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போறப்ப பணக்கார வீட்டுக்கு வெள்ளி, தங்கக் கூடைலயும் ஏழை வீட்டுக்கு உரிச்ச குச்சில பின்னின கூடைலயும் கொண்டு போனாங்களாம், ஏழைங்க கூசிப் போனாங்க, அதனால இனிமே எல்லார் வீட்டுக்கும் குச்சிக் கூடைதான்னு முடிவு பண்ணிட்டாங்க. குடிக்கறதுக்கும் அப்படித்தான், பணக்கார வீட்ல வெள்ளைக் கண்ணாடி, ஏழை வீட்ல மட்டமான கலர் கண்ணாடி, அப்புறம் எல்லாருக்கும் கலர் கண்ணாடி. கவனிச்சீங்கன்னா ஏழையை மேல ஏத்தல, பணக்காரரை இறக்கியிருக்காங்க. சாவு வீட்ல யார் வீட்டுப் பந்தல் பெருசுன்னு பாக்கற பழக்கம் உள்ள யாருக்கும் இது கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்.

கல்லறைல மண்ணு போடறதும் கூலி ஆளோட வேலையா விட மாட்டாங்க, வந்தவங்களே மண்வெட்டி எடுத்துப் போடுவாங்க. நிறைய இடத்துல முதல்ல மண்வெட்டியோட பின்பக்கத்தால அள்ளுவாங்க, இந்த வேலைல எங்களுக்கு அவசரம் இல்லங்கற மாதிரி. ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவர் கையில குடுக்காம மண்ணுல குத்திட்டு நகர்ந்துடுவாங்க, துக்கத்தைக் கைமாத்தி விடற மாதிரி ஆகிடக் கூடாதுன்னு. முடிஞ்சதும் கூட்டம் ரெண்டு வரிசையா பிரிஞ்சு நிக்கும், நடுவுல துக்கக்காரங்க நடந்து போவாங்க. அந்த நிமிஷத்துல இருந்து ஊரோட கவனம் இறந்தவர்கிட்ட இருந்து இருக்கறவங்க பக்கம் திரும்புது. வரிசைல நிக்கறவங்க சொல்ற வாக்கியம் ஒண்ணு இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சாப்பாடு. இது துக்கக்காரர் வீட்டுச் சாப்பாடா இருக்கவே கூடாது, வீட்ல ஃபிரிட்ஜ் நிறைய இருந்தாலும் சரி, அக்கம்பக்கம் கொண்டு வந்ததைத்தான் சாப்பிடணும். வழக்கமா அவிச்ச முட்டை, பருப்பு, ரொட்டி, எல்லாம் உருண்டையா இருக்கறது, சுத்தி வர்ற சக்கரம் மாதிரி. பருப்புக்கு இன்னொரு காரணமும் சொல்லுவாங்க, மத்த பயறுல இருக்கற மாதிரி அதுல வாய் இல்ல, துக்கக்காரருக்கும் வாய் இல்ல. சாவு வீட்ல அடுப்பு எரியாது, பக்கத்து வீட்லதான் சோறாக்கணும்ங்கறது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான், அதனால இந்த இடம் உங்களுக்கு அந்நியமா இருக்காது. ஆனா ஒரு எச்சரிக்கை, சைவம்தானேன்னு நம்ம வீட்டு சாம்பாரைத் தூக்கு வாளில எடுத்துட்டுப் போயிடாதீங்க. கோஷர், அதாவது யூத உணவு விதி, பாக்கற வீடுன்னா சமைச்ச பாத்திரம், அடுப்பு எல்லாமே கணக்குல வரும். முழுப் பழம், இல்ல கோஷர் முத்திரை போட்ட சீல் பிரிக்காத பாக்கெட், அதுதான் நமக்கு வசதி. நான் ரெண்டாவது தடவை ஆரஞ்சுப் பழம் எடுத்துட்டுப் போனேன்.

இப்ப ஷிவா வீட்டுக்குள்ள வருவோம். ஏன் பெல் அடிக்கக் கூடாதுன்னா, அடிச்சா துக்கக்காரர் எழுந்து வரணும், வந்து உபசரிக்கணும், அவரு விருந்தாளியைக் கவனிக்கற ஆள் ஆயிடுவாரு. அதுக்குத்தான் கதவு பூட்டாம கிடக்கு. சமூகத் தலைவரே உள்ள வந்தாலும் எல்லாரும் எழுந்து நிக்கணும், ரெண்டு பேரைத் தவிர, துக்கக்காரரும் நோயாளியும்னு தால்முட் சொல்லுது. வந்தவங்க முதல்ல வாயைத் திறக்கக் கூடாது, துக்கக்காரர் பேசினா பேசலாம், பேசலன்னா இல்ல. இது யோபு கதைல இருந்து வந்தது, பைபிள் வாசிச்சவங்களுக்குத் தெரியும், யோபு எல்லாத்தையும் இழந்து உக்காந்திருக்கறப்ப மூணு சிநேகிதங்க வந்து ஏழு நாள் ராப்பகலா தரையில கூடவே உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. அப்புறம் யோபு வாயைத் திறந்ததும் அவங்களும் பேச ஆரம்பிச்சாங்க, நீ ஏதோ பாவம் பண்ணியிருப்பேங்கற ரேஞ்சுல, அங்கதான் எல்லாம் கெட்டுது. பேசாம இருந்த வரைக்கும் அவங்க நல்ல சிநேகிதங்க. துக்கக்காரர் தலையை அசைச்சுட்டா போதும்னு அர்த்தம், வந்தவங்க எழுந்து போயிடணும், கோவிச்சுக்கக் கூடாது.

நான் போன அன்னிக்கு அந்த மகன் இருபது நிமிஷம் ஒண்ணுமே பேசல. நானும் பேசல, எனக்கு அது எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, வாய் வரைக்கும் "விதி, யாரு என்ன பண்ண முடியும்"னு வந்து வந்து போச்சு. அப்புறம் அவரா ஆரம்பிச்சாரு. "எங்கம்மா சனிக்கிழமை ஓய்வுநாள்னு லிஃப்ட் பட்டனைத் தொட மாட்டாங்க, தெரியுமா? நாலு மாடியும் படிதான். உங்க மாடில நின்னு மூச்சு வாங்குவாங்க, ஒவ்வொரு வீட்டு வாசனையையும் வச்சு என்ன சமையல்னு கண்டுபிடிப்பாங்க. உங்க வீட்டு வாசனைக்கு மட்டும் கடைசி வரைக்கும் பேர் தெரியல." நான் "பெருங்காயமா இருக்கும்"னேன். அவரு அந்த வார்த்தையை ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாரு. சரியா வரல.

கிளம்பறப்ப சொல்ற வாக்கியம்தான் நான் முன்னாடி சொன்னது. கல்லறைலயும் அதே, வீட்லயும் அதே. "சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படற மத்தவங்களுக்கு நடுவுல உங்களையும் அந்த இடம் தேத்தட்டும்." இடம்ங்கறது கடவுளுக்கு அவங்க சொல்ற பேர்கள்ல ஒண்ணு, எபிரேயத்துல ஹமாக்கோம். கிழக்கத்திய யூதர்கள்ல நிறைய பேர் இதை வேற மாதிரி, "வானத்துல இருந்து ஆறுதல் வரட்டும்"னு சொல்லுவாங்க. முதல் வாக்கியத்துல முக்கியமானது "நடுவுல"ங்கற வார்த்தை. எருசலேம் ஆலயம் கி.பி. 70ல ரோமர் கையில அழிஞ்சுது, அந்தத் துக்கத்தை இன்னும் வருஷா வருஷம் ஒருநாள் பட்டினி கிடந்து தரையில உக்காந்து புலம்பல் புஸ்தகம் வாசிச்சு அனுசரிக்கறாங்க. அந்தப் புஸ்தகம் ஆரம்பிக்கறதே ஜனம் நிறைஞ்சிருந்த நகரம் இப்படித் தனியா உக்காந்திருக்கேன்னுதான், அடுத்த வரியிலயே அவளைத் தேத்த ஒருத்தரும் இல்லன்னு வருது. இடிஞ்ச மதிலைச் சொல்றதுக்கு முன்னாடி தனிமையைச் சொல்றாங்க. அதனால உன் அம்மா போனது உனக்கு மட்டும் நடந்த விபத்து இல்ல, நாங்க எல்லாருமே ஏதோ ஒண்ணை இழந்த கூட்டம்தான், வா எங்க நடுவுல உக்காருன்னு கூப்பிடற மாதிரி இருக்கு அந்த வாக்கியம். இது எல்லாருக்கும் ஆறுதலா இருக்குமான்னா தெரியல, சிலருக்கு என் துக்கத்தைப் பெரிய சரித்திரத்துல கொண்டு போய்க் கரைக்காதேன்னு தோணும், அதுவும் நியாயம்தான்.

அடுத்து மின்யான். பத்து பேர் சேர்ந்தாத்தான் சில ஜெபங்களைச் சொல்ல முடியும், அந்தப் பத்துக்குத்தான் மின்யான்னு பேர். பழமை மாறாதவங்ககிட்ட 13 வயசு முடிஞ்ச ஆண்கள் மட்டும்தான் கணக்கு, மத்த பிரிவுகள்ல பெண்களும் சேர்த்தி. இந்தப் பத்துங்கற எண் எங்க இருந்து வந்துச்சுன்னா, பைபிள்ல மோசேங்கற தலைவர் கானான் நாட்டை வேவு பாக்க அனுப்பின 12 பேர்ல பத்து பேர் திரும்பி வந்து ஜனங்களைப் பயமுறுத்தினாங்கல்ல, அந்தப் பத்து பேரைக் கடவுள் "பொல்லாத சபை"ன்னு சொல்றாரு, அப்ப பத்து பேர்னா ஒரு சபைன்னு கணக்கு எடுத்துக்கிட்டாங்க. அதாவது கோழைங்க பத்து பேரை வச்சுத்தான் இந்த எண்ணே வந்திருக்கு. மின்யானுக்கு வர்றவங்க மகானா இருக்கணும்னு அவசியம் இல்ல, வந்தாப் போதும்.

மின்யான் இல்லாம சொல்ல முடியாத ஜெபங்கள்ல ஒண்ணு கதீஷ். துக்கக்காரங்க சொல்ற ஜெபம், அராமிக் மொழில இருக்கு, ஆனா அதுல சாவுங்கற வார்த்தையே வராது. கடவுளோட பேர் பெருமைப்படட்டும், புனிதமாகட்டும்னு போகும். அப்பா அம்மாவுக்குன்னா பதினொரு மாசம், தினமும் காலை, மதியம், ராத்திரி ஜெபத்துல சொல்லணும். யோசிச்சுப் பாருங்க, அம்மாவைப் பறிகொடுத்தவர் தினமும் படுக்கையை விட்டு எழுந்து, சட்டை மாட்டிக்கிட்டு, குறைஞ்சது ஒன்பது பேர் இருக்கற இடத்துக்குப் போயே ஆகணும். தனியா வீட்ல உக்காந்து சொன்னா கணக்கு இல்ல. அவரு எழுந்து நின்னு சொல்றப்ப கூட்டம் நடுவுல "ஆமென்"னு பதில் குரல் குடுக்கணும், அந்தப் பதில் இல்லாம அது ஜெபமே ஆகாது. அந்த ஒன்பது பேருக்கும் தங்களாலதான் ஒருத்தர் கதீஷ் சொல்ல முடியுதுன்னு தெரியும், அதனால குளிர்ல தூக்கம் கலைஞ்சு வருவாங்க. இன்னிக்கு எனக்கு நீ, நாளைக்கு உனக்கு நான்.

இதுல ஒரு காலத்துல பெண்களுக்கு இடம் குடுக்கலங்கறதையும் சொல்லணும். 1916ல ஹென்ரியெட்டா சோல்ட்னு ஒரு அம்மா, அமெரிக்காவுல ஹடாசாங்கற பெண்கள் அமைப்பை ஆரம்பிச்சவங்க, அவங்க அம்மா இறந்தப்ப ஒரு ஆண் நண்பர் நான் உங்களுக்குப் பதிலா கதீஷ் சொல்றேன்னு முன்வந்தாரு. சோல்ட் ரொம்ப மரியாதையா நன்றி சொல்லி மறுத்து கடிதம் எழுதினாங்க. எங்க வீட்ல நாங்க எட்டும் பொண்ணுங்க, பையன் இல்லையேன்னு அப்பாவோ அம்மாவோ ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல, அப்பா போனப்ப கூட எங்களுக்குப் பதிலா வேற யாரையும் சொல்ல அம்மா விடல, அதனால நானே சொல்றேன்னு. கடமையை வேற யாருக்கும் விட்டுக் குடுக்காம, அதே சமயம் உதவ வந்தவரை நோகடிக்காம எழுதின கடிதம் அது.

பத்து பேர் கிடைக்காத ஊர்ல என்ன ஆகும்? இதுக்கு நாம நியூயார்க் வரைக்கும் போக வேண்டாம், கொச்சி போதும். மட்டாஞ்சேரில 1568ல கட்டின பரதேசி சினகாக், அதாவது யூத ஜெபக்கூடம் இருக்கு, டூர் போனவங்க பாத்திருப்பீங்க, நீலமும் வெள்ளையுமா சீன ஓடு போட்ட தரை. கொச்சி யூதர்கள்ல பெரும்பாலானவங்க 1950கள்ல இஸ்ரேல் போயிட்டாங்க, மிச்சம் இருந்தவங்களும் வயசாகி ஒவ்வொருத்தரா போக, கடைசில வெளிநாட்டு டூரிஸ்ட் வந்தாத்தான் பத்து சேரும்ங்கற நிலைமை ஆயிடுச்சு. யாரோ முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் பையோட உள்ள வர்றாரு, அவரு யூதரான்னு கேட்டு, ஆமான்னா அவரும் கணக்குல ஒண்ணு.

இவ்வளவு கேட்டதும் எனக்கு வந்த கேள்வி, யாருமே இல்லாதவர் செத்தா? ஷிவா உக்கார்றதுக்கே சொந்தம் இல்லாதவர்? தால்முட்ல இதுவும் இருக்கு. ரவ் யெஹூதாங்கற அறிஞர் இருந்த பகுதில அப்படி ஒருத்தர் இறந்து போனாரு, அவருக்காகத் துக்கம் காக்க ஆள் இல்ல. ரவ் யெஹூதா தினமும் பத்து பேரைக் கூட்டிட்டுப் போய் அந்த ஆள் இருந்த இடத்துல உக்கார வச்சாரு, ஏழு நாளும். ஏழு நாள் கழிச்சு இறந்தவர் கனவுல வந்து, என் மனசை நிம்மதிப்படுத்தினீங்க, உங்க மனசும் நிம்மதியா இருக்கட்டும்னு சொன்னாராம். கனவை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், காலி இடத்துல பத்து பேர் ஏழு நாள் வந்து உக்காந்ததை மட்டும் யோசிச்சுப் பாருங்க.

சாவுக்கு மட்டும்தான் இதெல்லாம்னு நினைச்சுடாதீங்க. நோயாளியைப் போய்ப் பாக்கறதும் கடமை, போறவர் நோயில அறுபதுல ஒரு பங்கை எடுத்துட்டு வர்றாருன்னு ஒரு சொல் உண்டு. அப்படின்னா அறுபது பேரைக் கூப்பிட்டா நோய் போயிடுமேன்னு அங்கயே ஒருத்தர் மடக்கியிருக்காரு, அதுக்கு ஒவ்வொருத்தரும் மிச்சம் இருக்கறதுலதான் அறுபதுல ஒண்ணு எடுப்பாங்கன்னு பதில், கணக்கு வாத்தியார் பதில். ரபி அகிவா கதைல அவரோட மாணவர் ஒருத்தர் படுத்துக் கிடக்கறாரு, பெரியவங்க யாரும் எட்டிப் பாக்கல. அகிவா போறாரு, அவரு போனதால தரையைப் பெருக்கித் தண்ணி தெளிக்கறாங்க, மாணவர் பொழைச்சுக்கறாரு. வேத வசனம் எதுவும் சொன்னதா கதைல இல்ல. துடைப்பம்தான்.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, பிட்ஸ்பர்க்ல ட்ரீ ஆஃப் லைஃப் சினகாக்ல ஒருத்தன் துப்பாக்கியோட புகுந்து 11 பேரைக் கொன்னான். அந்தக் கட்டடத்துல மூணு சபைகள் ஜெபம் பண்ணிட்டு இருந்தாங்க. நேரத்தோட வந்து உக்காந்திருந்த வயசானவங்கதான் அதிகம், மின்யான் சேரணுமேன்னு முதல் ஆளா வர்ற ரகம், அதுல ஒருத்தருக்கு 97 வயசு. அன்னிக்கே ஹெவ்ரா கதீஷா ஆளுங்க இறங்கினாங்க, இறந்தவங்களைத் தனியா விடாம ஷிஃப்ட் போட்டு உக்காந்தாங்க. முஸ்லிம் அமைப்புகள் திரட்டின பணம் ரெண்டு லட்சம் டாலரைத் தாண்டுச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை, நவம்பர் 2, பிட்ஸ்பர்க் போஸ்ட் கெசட் பத்திரிகையோட முதல் பக்கத்துல தலைப்புச் செய்தி இருக்கற இடத்துல கதீஷோட முதல் வார்த்தைகளை எபிரேய எழுத்துலயே பெருசா அச்சடிச்சாங்க. அந்த ஊர்ல அந்த எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்க கொஞ்சம்தான். தெரியாதவங்களும் அன்னிக்குப் பேப்பரைக் கையில வச்சுப் பாத்திருப்பாங்க.

2020ல கொரோனா வந்தப்ப இதுல ஒண்ணுமே முடியல. கல்லறைக்குக் கூட்டமா போக முடியாது, வீட்டுக்குள்ள யாரும் வர முடியாது. சிலர் ஜூம்ல ஷிவா உக்காந்தாங்க, ஜூம்ல பத்து கட்டம் தெரிஞ்சா அது மின்யானா இல்லையான்னு ரபிகளுக்குள்ள பெரிய வாக்குவாதம், அவசரத்துக்கு ஒரு பிரிவு ஒத்துக்கிச்சு, பழமைவாதிகள் ஒத்துக்கல, அவங்க பால்கனில நின்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு ஜெபம் பண்ணினாங்க. ரெண்டு பக்கமும் சரின்னுதான் எனக்குப் படுது, ஆனா ஜூம்ல யாரும் உங்க பாத்திரத்தைக் கழுவ முடியாது.

எருசலேம் ஆலயம் இருந்த காலத்துல இதை இன்னும் வெளிப்படையா வச்சிருந்தாங்க. மிஷ்னாங்கற பழைய யூத சட்டத் தொகுப்புல இருக்கு, ஆலய வளாகத்துக்குள்ள வர்ற எல்லாரும் வலது பக்கமா சுத்தி வந்து இடது பக்கமா வெளியேறணும், ஏதாவது ஆகிப் போனவங்க மட்டும் இடது பக்கமா சுத்தி வருவாங்க. கூட்டம் முழுக்க ஒரு திசைல போக, இவங்க எதிர்த் திசைல, அதனால வர்ற ஒவ்வொரு முகமும் இவங்களுக்கு நேருக்கு நேரா. பாக்கறவங்க "ஏன் இடது பக்கமா வர்றீங்க"ன்னு கேக்கணும், "நான் துக்கத்துல இருக்கேன்"னு பதில், "இந்த வீட்ல குடியிருக்கறவர் உங்களைத் தேத்தட்டும்"னு சொல்லிட்டுப் போகணும். சபையை விட்டு விலக்கி வச்ச ஆளும் அதே மாதிரி இடது பக்கமா வருவாரு, அவரையும் கேக்கணும், அவருக்கும் ஒரு வாழ்த்து உண்டு. அவருக்கு என்ன சொல்லணும்ங்கறதுல ரெண்டு ரபிகளுக்குச் சண்டை. ரபி மெயிர், உங்களைத் திரும்பச் சேத்துக்கற மனசை அவங்களுக்குக் கடவுள் குடுக்கட்டும்னு சொல்லணும்ங்கறாரு. ரபி யோசே, அப்படிச் சொன்னா சபை தப்பு பண்ணிட்ட மாதிரி ஆயிடுமே, சபை சொல்றதைக் கேக்கற மனசை உங்களுக்குக் குடுக்கட்டும்னு சொல்லுங்கறாரு. நான் ரபி மெயிர் கட்சி. ஆனா விலக்கி வச்சவரையும் உள்ள விட்டு, எதிர்ல வர்றவங்க நின்னு அவர்கிட்டயும் கேக்கணும்னு வச்சதுல ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல.

ஷிவா ஏழாவது நாள் காலையிலேயே முடிஞ்சுடும், அன்னிக்குக் கொஞ்ச நேரம் உக்காந்தாலே முழு நாள் கணக்கு. அப்புறம் முப்பது நாள் வரைக்கும் ஒரு கட்டம், அப்பா அம்மாவுக்குன்னா ஒரு வருஷம், ஒவ்வொண்ணுலயும் கட்டுப்பாடு கொஞ்சம் கொஞ்சமா தளரும், அதுக்கு மேல வருஷா வருஷம் திதி மாதிரி ஒரு நாள். ஏழாம் நாள் காலையில வந்தவங்க துக்கக்காரர்கிட்ட "எழுந்திருங்க"ன்னு சொல்லுவாங்க, சொல்லி அவரைக் கூட்டிட்டுத் தெருவை ஒரு சுத்து சுத்தி வருவாங்க, இனிமே வெளி உலகம்னு அடையாளமா.

அந்தப் பெரியவர் முந்தின நாளே எனக்குச் சொல்லி வச்சிருந்தாரு. காலைல எட்டு மணிக்கு மேல போனேன், அஞ்சாறு பேர் இருந்தாங்க. எல்லாரும் லிஃப்ட் பக்கம் போனோம், அந்த மகன் மட்டும் படிக்கட்டுக் கதவைத் திறந்தாரு, சனிக்கிழமை கூட இல்ல அன்னிக்கு, புதன்கிழமை. நாங்களும் பின்னாடியே இறங்கினோம். எங்க மாடி வந்ததும் நின்னாரு, கொஞ்ச நேரம் நின்னாரு, உள்ள என் வீட்ல ரசம் கொதிச்சிட்டு இருந்துச்சு. திரும்பி என்னைப் பாத்து அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லிப் பாத்தாரு. பெருங்காயம். இந்தத் தடவை கிட்டத்தட்ட சரியா வந்துச்சு.